கடைக்கு ஆகாத பழம்

என் மாமனார் நாற்பத்தோரு வருஷம் பழக்கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் நான் வாங்கி வைத்த ஒரு பழத்தைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. எந்த மாப்பிள்ளைக்கும் இது சுருக்கென்றுதான் இருக்கும். எனக்கோ சாதாரண நாளிலேயே மூக்கின் மேல் கோபம். பஸ் டிப்போவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் வந்தது காலை உடைத்துக்கொண்டு. ஆப்பிள் பெட்டியைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து, முட்டியில் ஆபரேஷன் ஆகி, கடையை இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டு, ஒரு பையும் ஒரு கைத்தடியுமாக வந்தார். ஆனால் கடைக்குப் பின்னால் தான் தனியாக இருந்த ஒற்றை அறையை மட்டும் விடவில்லை. அது மாவு மில்காரருடைய இடம். மூன்று மாதம் பூட்டி வைத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறார். எங்கள் வாசலில் கால் வைக்கும்போது எங்களிடமும் அதையே சொன்னார். “மூணு மாசம்தாம்மா. கால் சரியானதும் கிளம்பிடுவேன்.”

“முதல்ல உள்ள வாங்கப்பா” என்றாள் என் மனைவி. அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். ஒரே மகள். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் எங்களோடு வந்து இருக்கச் சொல்லி அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள், அவர் கடையைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். இப்போது கடை இல்லை. மூன்று மாதத்துக்குள் அவர் மனதை மாற்றி இங்கேயே தங்க வைத்துவிடுவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். அந்தக் கங்கணத்தில் பாதியை என் கையிலும் கட்டிவிட்டாள்.

என் பங்கு, பழம். “அப்பா ரூம்ல எப்பவும் பழம் இருக்கணும். நல்ல பழம். ஒரு புள்ளி, ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது” என்று முதல் நாளே உத்தரவு போட்டுவிட்டாள். காரணம் இருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் நல்ல பழம் கடையைத் தாண்டி அடுப்படிக்கு வந்ததே இல்லையாம். விற்றது போக, தோல் கறுத்தது, அடிபட்டது, யாரும் திரும்பிப் பார்க்காதது எதுவோ, அதுதான் சாயங்காலம் கூடையில் வீட்டுக்கு வரும். “மஞ்சளா இருக்கற வாழைப்பழத்தை நான் உரிச்சதே கல்யாணத்துக்கு அப்புறம்தான்” என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும். “எனக்காக வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருந்துட்டார். இப்பவாவது நல்லதா நாலு பழம் சாப்பிடட்டும்.”

எனக்கு வேலை இரண்டு துண்டு. விடியற்காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை ஒன்று, சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது வரை ஒன்று. மனைவி துணி தைக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்; எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். ஆக, நடுப்பகல் முழுக்க வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். அவர் “சாப்டீங்களா மாப்பிள்ளை?” என்பார். நான் “ஆச்சு மாமா, நீங்க?” என்பேன். அதற்கு மேல் பேச்சு வளராது. இரண்டு பேரும் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்போம்.

பழ விஷயத்தில் மட்டும் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். பஸ்ஸை எடுக்கும் முன் டயரைச் சுற்றிப் பார்ப்பது என் பழக்கம். அதே மாதிரி, தினமும் கிளம்பும் முன் அவர் அறை ஜன்னலோரம் இருக்கும் தட்டைப் பார்ப்பேன். வாழைப்பழத்தில் மிளகளவு புள்ளி விழுந்திருந்தால் போச்சு, ஆப்பிள் தோல் லேசாகத் தளர்ந்திருந்தால் போச்சு. எடுத்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, முந்தின நாள் வாங்கிய புதுசை வைத்துவிடுவேன். அவர் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

மத்தியானம் நான் வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக எடுப்பார். காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்கி வைத்தவன் எதிரில் நிற்கும்போதே தரம் பார்க்கிறாரே, நான் என்ன இவர் கடைக்குச் சரக்கு இறக்குகிற ஆளா என்று உள்ளுக்குள் பொருமுவேன். மாமனாரிடம் ஹாரன் அடிக்க முடியாது. அதனால் வீம்புக்கு இன்னும் உசத்தியாக வாங்க ஆரம்பித்தேன். டிப்போ வாசல் தள்ளுவண்டியை விட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மார்க்கெட்டும் சரிப்படாமல், கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடைக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு ஆப்பிளுக்கும் தனித்தனியாக வலைச்சட்டை மாட்டி வைத்திருப்பார்கள். அந்த ஆப்பிளைச் சட்டை கழற்றித் தட்டில் அடுக்கிய அன்றுதான் மாமனார் வாய் திறந்தார்.

“நல்ல சரக்கு மாப்பிள்ளை” என்றார். விரலால் அழுத்தினார். வைத்துவிட்டார்.

சாப்பாடும் அப்படித்தான். ஒரு கரண்டி போட்டதும் தட்டுக்கு மேலே கையை விரித்துவிடுவார். “போதும்மா, போதும், நிறைஞ்சிடுச்சு.” ஆளோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. முட்டியைக் காட்டப் போன நாளில் டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். சர்க்கரை கிர்க்கரை எதுவும் கிடையாது, வயிற்றிலும் கோளாறு இல்லை. “ஆனா ரெண்டு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சிருக்கார். இப்படியே போனா அட்மிட் பண்ண வேண்டியதுதான். வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். குறிப்பாக என்னைப் பார்த்து ஏன் கேட்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மனைவியும் அதையே கேட்டாள். “நீங்க அவர்கிட்ட ஏதாவது மூஞ்சியக் காட்டினீங்களா?”

“நானா? அவருக்கு ஏசியில வச்ச ஆப்பிள் வாங்கிட்டு வர்றேன். உனக்குக்கூட நான் அப்படி வாங்கினதில்ல.”

“அது தெரியும். அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கறார்? இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. மில்காரருக்கு ஃபோன் பண்ணி ரூமைக் கூட்டி வைக்கச் சொல்லிட்டார். இந்த உடம்போட அங்க தனியா போனார்னா...” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டுக்கு மேலே மாமனாரின் கழுத்து தெரிந்தது. காலர் அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. எனக்கும் அன்றைக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் நான் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து நின்றால் சுவர் என் மேல் சாய்கிற மாதிரியான காய்ச்சல். நாலு நாள் படுத்த படுக்கை. மனைவி காலையில் ரொட்டியும் பாலும் மாத்திரையும் வைத்துவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் அல்லாடுவாள். பழத்தட்டு யார் நினைவிலும் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் வாசனை என்னை எழுப்பியது. வெண்ணெய் உருகுகிற வாசனை, அதோடு சேர்ந்து ஏதோ இனிப்பாகச் சிவக்கிற வாசனை. வீட்டில் மாமனாரைத் தவிர யாரும் இல்லை. மனைவி அடுப்பை அணைக்காமல் போய்விட்டாள் என்று பதறி, போர்த்திய போர்வையோடு ஓடினேன்.

அடுப்படியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கைத்தடி மாவு டப்பாவின் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மேடையில் ஆறு வாழைப்பழத் தோல், கரி மாதிரி கறுப்பாக. பழத்தைக் கரண்டியால் மசித்து, கோதுமை மாவும் முட்டையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கி வைத்திருந்தார். அதை வாணலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி, ஓரம் சிவந்ததும் திருப்பிப் போட்டார். இன்னொரு அடுப்பில் அந்த ஏசி ஆப்பிள்கள். நாலு நாள் ஜன்னல் வெயிலில் தோல் தளர்ந்துபோனதைத் துண்டு போட்டு, வறண்ட ஆரஞ்சு ஒன்றை அதில் பிழிந்து, துளி சர்க்கரையோடு வேகவிட்டிருந்தார். வெந்து முடிந்ததில் ஒன்றை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்ததை ஊற்றினார். அவர் கன்னம் உப்பி அசைவதை இரண்டு மாதத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் புத்திக்கு அவமானம்தான் முதலில் தோன்றியது. நாலு நாள் நான் படுத்ததில், மாமனார் கெட்டுப்போன பழத்தை எடுத்துத் தின்கிற நிலைமை ஆகிவிட்டதே என்று.

“மாமா, அதைத் தொடாதீங்க. எல்லாம் வீணாப்போச்சு. குப்பையில போட்டுட்டு இப்பவே புதுசு வாங்கிட்டு வர்றேன்” என்று கிண்ணத்தைப் பிடித்தேன்.

அவர் விடவில்லை. காலில் பலமில்லாத மனுஷனுக்குக் கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

“எத்தனை தடவைதான் குப்பையில போடுவீங்க மாப்பிள்ளை?” என்றார். குரல் உயரவில்லை. “வந்த நாள்லேருந்து பாத்துட்டு இருக்கேன். விரல் வச்சு விரல் வச்சுப் பாக்கறேன். சரி, நாளைக்கு இது நமக்கு ஆயிடும்னு நினைச்சுட்டுப் படுக்கறேன். விடிஞ்சதும் வந்து, சாப்பிடற மாதிரி ஆன பழத்தை எடுத்துட்டுப் போயிடறீங்க. மறுபடியும் விக்கற பழத்தைக் கொண்டுவந்து வைக்கறீங்க.”

“விக்கற பழமா? உங்களுக்காக வச்சது மாமா. நீங்க நல்ல பழமா சாப்பிடணும்னுதான்...”

“எனக்குக் கை போகாது மாப்பிள்ளை.” அவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நாப்பது வருஷப் பழக்கம். பளபளன்னு ஒரு பழத்தைப் பாத்தா, யாரோ வாங்க வந்து எதிர்ல நிக்கற மாதிரியே இருக்கு. அதைப் போய் நான் எப்படிக் கடிப்பேன்? கடைக்கு ஆகாதுன்னு ஆனப்புறம்தான் அது வீட்டுக்கு வரும். நானும் உங்க மாமியாரும் அடுப்புகிட்ட நின்னு, இதை மசிக்கலாமா, அதை வேக வைக்கலாமான்னு பேசிக்கிட்டே செய்வோம். அவ போனப்புறமும் தனியா செஞ்சு சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

வாணலியில் இருந்தது புகைய ஆரம்பித்தது. திருப்பிப் போட்டார். என் பக்கம் பார்க்காமலே பேசினார்.

“நல்ல பழம் வீட்டுக்குள்ள வர்றது விருந்தாளி வந்தா மட்டும்தான். தினமும் என் எதிர்ல அதைத்தான் வச்சீங்க. சரி, நம்மள விருந்தாளியாத்தான் பாக்கறாங்க, அதுவும் மரியாதைதானேன்னு நினைச்சுக்கிட்டேன். விருந்தாளி ரெண்டாவது கரண்டி கேக்கலாமா? வந்தவன் கிளம்பத்தானே வேணும்?”

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மனுஷனை இரண்டு மாதம் பட்டினி போட்டிருக்கிறேன், அதுவும் விடிந்ததும் விடியாததுமாகத் தவறாமல் எழுந்து போட்டிருக்கிறேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, காய்ச்சலில் எது எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒரு தட்டில் இரண்டைப் போட்டு, மேலே வெந்த ஆப்பிளை ஒரு கரண்டி வழித்து ஊற்றி என்னிடம் நீட்டினார். “காய்ச்சல் வாய்க்கு நல்லா இருக்கும்.”

நல்லாத்தான் இருந்தது. நாலு நாளாக எதைத் தின்றாலும் அட்டையை மென்ற மாதிரி இருந்த நாக்கில் இனிப்பும் புளிப்பும் வெண்ணெயும் ஒன்றாக இறங்கின. நான் இரண்டைத் தின்பதற்குள் அவர் ஐந்தைத் தின்றுவிட்டார். யாரும் உபசரிக்கவில்லை, யாரும் போதும் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் வந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக அப்பா அறைக்குப் போனாள்.

“இன்னுமா அப்பா? இந்த வீட்டுலயும் கறுத்த பழமா? நீங்க அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லப்பா இப்ப.”

“அவசியத்துக்காக இல்லம்மா. எனக்குப் பிடிக்கும்.”

“பிடிக்கும்னு நீங்களா சொல்லிச் சொல்லிப் பழகிட்டீங்க. ஸ்கூல்ல என் டப்பாவைத் திறந்தா எல்லாரும் சிரிப்பாங்க, தெரியுமா? பழக்கடைக்காரர் பொண்ணு, அதுவும் கறுத்த பழம் கொண்டுவருதுன்னு. அப்பவே முடிவு பண்ணேன், ஒரு நாள் உங்களை நல்ல பழத்துக்கு நடுவுல உக்கார வைக்கணும்னு.”

மாமனாருக்கு இது புதுசு. “சிரிச்சாங்களா? நீ சொல்லவே இல்லையே” என்றார். பிறகு, “டப்பா காலியாத்தானே திரும்பி வரும்?” என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு, மிச்சம் வைத்திருந்த ஆப்பிள் கிண்ணத்தை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான். பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால் கிண்ணத்தை அவள் விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. “சிரிச்சாங்கதான்” என்றாள் என்னைப் பார்த்து, “ஆனா ருசியா இல்லைன்னு நான் எப்பவும் சொன்னதில்ல.”

காய்ச்சல் விட்டதும் மறுபடி பழம் வாங்கப் போனேன். இந்தத் தடவை டிப்போ வாசல் தள்ளுவண்டி. “நல்லா கனிஞ்சு, கறுத்துப்போனது இருக்கா?” என்று கேட்டேன். வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாட்டுக்கா சார்?”

“இல்ல, மாமனாருக்கு.”

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். வீட்டில் அதைக் கொட்டிப் பார்த்த மாமனார் பாதியை ஒதுக்கித் தள்ளினார். “கனிஞ்சது வேற, அழுகினது வேற மாப்பிள்ளை. இந்தப் பேரிக்காயில தண்ணி விட்டிருக்கு பாருங்க. பஸ் ஓட்டறவருக்குக் கண்ணு இவ்வளவு மந்தமாவா இருக்கும்?” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னைத் திட்டுவது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மத்தியானங்களின் களையே மாறிவிட்டது. ஒரு நாள் காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் பாலில் நனைத்து, நடுவில் நசுங்கிய பழம் வைத்துச் சுட்டார். ஒரு நாள் அடிபட்ட பேரிக்காயையும் ஆரஞ்சுத் தோலையும் குழைய வேக வைத்துப் பாட்டிலில் அடைத்தார். இரண்டாவது கரண்டி கேட்டார், மூன்றாவதும் கேட்டார். அடுத்த தடவை எடை பார்த்த டாக்டர் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆனால் கிளம்பும் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவரும் போகவில்லை என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கால் தேறிவிட்டது, கைத்தடி இல்லாமலே அடுப்படிக்கு நடக்கிறார். கால் சரியானால் கிளம்புவதாகச் சொன்ன மனுஷன். “நீங்க கேளுங்களேன்” என்பாள் மனைவி. “நீ மகள், நீ கேளு” என்பேன். கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இரண்டு பேருக்கும்.

மூன்றாவது மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை மாவு மில்காரரே வந்து நின்றார். மில்லுக்கு பெல்ட் வாங்க வந்தாராம். “வேன்ல இடம் இருக்கு. அண்ணனைக் கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன். ரூம் கழுவிச் சுத்தமா இருக்கு” என்றார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் “உக்காருங்க” என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். முந்தின நாள் நான் வாங்கி வந்ததில் இன்னும் பளபளப்புக் குறையாத ஆப்பிள் நாலைந்து இருந்தன. அவற்றைக் கழுவித் துடைத்து, தட்டில் வைத்து அவர் முன்னால் வைத்தார். மில்காரர் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். “பிரமாதம்” என்றார். மென்றுகொண்டே, “அப்ப கிளம்பலாமா அண்ணே? பை எங்க?” என்று கேட்டார்.

மாமனார் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மனைவிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போல. தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து உருட்டிக்கொண்டே அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் மணிக்கட்டில் லேசாகத் தட்டினார்.

“அதை வைம்மா. அது வந்தவங்களுக்கு. நமக்கு உள்ள பேரிக்காய் வேக வச்சிருக்கேன்.”

மில்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் ஒன்றும் மக்கு இல்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப ரூமை வேற யாருக்காவது விட்டுடவா?” என்றார்.

“விட்டுடுங்க” என்றார் மாமனார். “இன்னொரு ஆப்பிள் எடுத்துக்குங்க.”

மனைவி கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்படியில் அவள் பேரிக்காய்ச் சட்டியின் மூடியைத் திறந்து, தட்டுகூட எடுக்காமல், அழுதபடியே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கொஞ்சம் வை” என்றேன்.